உள்ளிட்ட பலர்

அக்டோபர் 6, திங்கள்

இல்லை, வேண்டாம் என்றுதான் சொன்னேன். பெயர் எதற்கு? செய்தி வாசிக்கிறவள் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு யாராவது பெயர் எழுதி ஒட்டுவார்களா?

பாய் காதில் வாங்கினார். ஏற்கவில்லை.

"முகத்துக்குக் கீழ பட்டையா பேரு வரணும்மா. அப்பத்தான் டிவி மாதிரி இருக்கும்."

"வேணாம் பாய்."

"இன்னாம்மா நீ, பேரு போடறேன்னு சொன்னா வேணாம்ங்கற மொத ஆளு நீதான்."

ஜகபர் அலி பாய்தான் எங்கள் ஊர் கேபிள் சேனல் மும்மலை டிவியின் உரிமையாளர், ஆசிரியர், வசூல்காரர், மழை நாளில் ஒயர் சரிபார்ப்பவர். செருப்புக் கடை மாடியில் ஓர் அறை. எனக்குப் பின்னால் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை அச்சடித்த ஃப்ளெக்ஸ். பக்கத்து ஜன்னலைத் திறந்தால் நிஜ ராஜகிரி. ஜன்னலைச் சாத்திவிட்டு, ஃபேனையும் நிறுத்திவிட்டு (சத்தம் பதிவாகிறது), வியர்க்க வியர்க்க ஃப்ளெக்ஸ் மலைக்கு முன்னால் வாசிக்கிறேன். பாண்டிச்சேரியில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்த காலமாக இருந்தால் இதை வைத்து ஒரு கட்டுரை எழுதியிருப்பேன்.

மாலை ஐந்துக்குப் பதிவு. ஏழுக்குச் செய்தி. பத்து நிமிடம். நடுவில் எப்படியும் ஒரு பஸ் ஹாரன்.

இன்று பாய் இன்னொன்றும் சொன்னார். ஃபோன் வந்த பிறகு கேபிளை யார் பார்க்கிறார்கள் என்று ஆரம்பித்தார். "பொங்கல் வரைக்கும் பார்க்கறேம்மா. ஜனம் உக்காந்து பார்த்துதுன்னா நியூஸு. இல்லன்னா ஏழு மணிக்குப் பழைய பாட்டு போட்டுடுவேன். பாட்டு லீவு கேக்காது, ஜூரம்னு வராம இருக்காது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதனால்தான் பயமாக இருக்கிறது.

எனக்கு இந்தப் பத்து நிமிடம் வேண்டும். படித்ததையெல்லாம் செய்து பார்க்க என்னிடம் இருக்கும் ஒரே இடம்.


அக்டோபர் 8, புதன்

வாட்ஸப்பில் செய்தி என்று வருவதைப் படித்தால் அழைப்பிதழைப் படிக்கிற மாதிரி இருக்கிறது. ஏரிக்கரையில் பனை விதை நட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் முழுக்க அனுப்பியிருந்தார்கள். யார் தொடங்கி வைத்தார், யார் முன்னிலை வகித்தார், யார் வரவேற்றார், யார் நன்றி கூறினார். இவ்வளவு பெயர் எழுதிய பிறகும் ஆட்கள் மிச்சம். எனவே கடைசியில், "உள்ளிட்ட பலர் கலந்துகொண்டனர்."

ஏரியைப் பற்றி ஒரு வரி. பனையைப் பற்றி அரை வரி.

எல்லாவற்றையும் வெட்டினேன். பெயர்கள், பதவிகள், இனிஷியல்கள். மிஞ்சியது:

"ஏரிக்கரையில் நேற்றுப் பனை விதைகள் நட்டார்கள். பலர் வந்திருந்தார்கள். பனை வளர நாளாகும். மழை மட்டும் பக்கத்தில் இருக்கிறது."

வாசித்து முடித்து நிமிர்ந்தேன். கேமராவுக்குப் பின்னால் பீமண்ணா வாயைத் திறந்தபடி நின்றிருந்தார். பீமாராவ் அண்ணன், எங்கள் ஒரே கேமராமேன். சனி ஞாயிறுகளில் கல்யாண வீடியோ.

"முடிஞ்சிதா?" என்றார்.

"முடிஞ்சிது."

"யாருமே வரலியே நியூஸுக்குள்ள?"

அழகான கேள்வி. இன்று சந்தோஷமாகத் தூங்குவேன்.


அக்டோபர் 9, வியாழன்

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல அறிகுறி.


அக்டோபர் 13, திங்கள்

நல்ல அறிகுறி அல்ல.

பதினொரு மணி இருக்கும். மாடிப்படியில் மூச்சு வாங்குகிற சத்தம். ஓர் அம்மா, நாற்பது சொல்லலாம், கையில் வயர்கூடை. கூடைக்குள் எங்கள் செட்டாப் பாக்ஸ், ரிமோட், சுருட்டிய ஒயர். பீரங்கிமேட்டு மகளிர் குழுத் தலைவி காத்தாயி. பாய் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"யாரு இங்க நியூஸு?"

"நான்தான்."

"நீதானா? டிவில குண்டா தெரியற."

"உக்காரு காத்தாயி, டீ சொல்றேன்" என்றார் பாய்.

"டீ வேணாம் பாய். பனங்கொட்ட நட்டமே, அந்த நியூஸு இதுதான எழுதுச்சி? ஊர் ஊரா போயி கொட்ட பொறுக்குனது யாரு? நானு. எங்க குழு. மூட்ட மூட்டயா ஆட்டோல கொண்டாந்து எறக்குனது யாரு? என் பொண்ணக் குடுத்த ஊட்டுல எல்லாரயும் டிவி முன்னால உக்கார வச்சேன். இப்ப வரும் பாரு, இப்ப வரும் பாருன்னு. வந்துச்சி. 'பலர் வந்திருந்தார்கள்.' என் சம்பந்தி திரும்பி என்னையப் பார்த்துக் கேக்கறா, 'இதுல எது நீ'ன்னு."

பீமண்ணா சிரித்துவிட்டார். பிறகு இருமினார்.

எனக்குக் கோபம். செய்தியில் நிகழ்வுதான் முக்கியம், ஆள் அல்ல, பெயர்ப் பட்டியல் வாசித்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று விளக்கினேன். நல்ல எழுத்துத் தமிழில் விளக்கினேன். அது இன்னும் தப்பு.

காத்தாயி அக்கா முழுக்கக் கேட்டார். "சரி. ஆளு முக்கியமில்ல. அப்ப நீ எதுக்குப் பவுடர் போட்டுக்கினு மூஞ்சக் காட்டற? மலைய மட்டும் காட்ட வேண்டியதுதான?"

கனெக்ஷன் வேண்டாம் என்று பாக்ஸை என் மேசைமேல் வைத்தார். ஒயரையும் எடுத்து, நன்றாகச் சுற்றி, மேலே வைத்தார். படியிறங்கும்போது கடைசியாக ஒன்று.

"பலராம் பலரு. நான் பலரா?"

பாய் என்னைத் திட்டவில்லை. பாக்ஸை எடுத்து ஷெல்ஃபில் வைத்தார். அங்கே இதற்கு முன் பாக்ஸ் எதுவும் இல்லை.


அக்டோபர் 14, செவ்வாய்

நான் பலரா.

பல் தேய்க்கும்போது. தலை வாரும்போது. சே.


அக்டோபர் 16, வியாழன்

பாயின் உத்தரவு: எல்லாப் பெயரையும் வாசி. ஒன்று விடாமல்.

வாசித்தேன். ரத்த தான முகாம், நூலக வாசகர் கூட்டம், கைப்பந்துப் போட்டி. ஒளிபரப்பு முடிந்தபோது ஏழரை தாண்டிவிட்டது. படம் போட வேண்டிய நேரம். படத்துக்குக் காத்திருந்தவர்கள் ஃபோன் செய்தார்கள்.

பதிவின்போது வியர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் இறங்கிவிட்டது. கண்ணைத் துடைக்க முடியாது. இனிஷியல்களுக்கு நடுவே நான் அழுவதுபோல் பதிவாகியிருக்கிறது. இக்ரா, பாயின் மகள், கல்லூரி விட்டு வந்து எடிட்டிங் செய்கிறவள், அந்த இடத்தில் நிறுத்திக் காட்டினாள். "அக்கா, கைப்பந்து ஜெயிச்சதுக்கு இவ்ளோ ஃபீல் பண்ணியிருக்கீங்க."


அக்டோபர் 18, சனி

புதுப் பிரச்சினை, வரிசை.

ஒருவரை மூன்றாவதாக வாசித்தேன். அவர் இரண்டாவதாக மேடையேறியவராம். இன்னொருவரை முன்னாள் என்றேன். அவர் ஆட்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. டீக்கடையில் இரண்டு பக்கமும் சண்டை, நடுவில் என் உச்சரிப்பு. ஷெல்ஃபில் மேலும் இரண்டு பாக்ஸ்.

பெயர் இல்லையென்றால் கோபம். பெயர் இருந்தால் தூக்கம். இதற்கு நடுவில் இடமே இல்லையா?


அக்டோபர் 20, தீபாவளி

அம்மாவிடம் கேட்டேன்: "என் நியூஸ் ஒருநாளாவது பார்த்தியாம்மா?"

"ஏழு மணிக்கு எனக்கு சீரியல் இருக்குதே" என்றாள். அதிரசத்தைத் திருப்பிப் போட்டபடியே.


நவம்பர் 4, செவ்வாய்

மழை. பாய் பழைய பாட்டுகளை ஒரு ஹார்ட் டிஸ்கில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார் இக்ராவிடம். அவள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, "நல்ல பாட்டாத்தான் சேத்துக்கிட்டிருக்கேன் அக்கா" என்றாள், ஆறுதலாம்.

ஜூலையில் கோட்டைக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தபோது பெரிய சேனல்கள் எல்லாம் வந்திறங்கின. டிரோன் பறந்தது. மலை, மதில், களஞ்சியம், மேகம். நானும் ரசித்தேன். இப்போது யோசித்தால், அத்தனை மணி நேரத்தில் செஞ்சிக்காரர் ஒருவர் பெயர்கூட வரவில்லை. நான் வெட்டியதும் அப்படித்தான். என்னிடம் டிரோன் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.


நவம்பர் 19, புதன்

அமாவாசை. மேல்மலையனூர். அம்மன் ஊஞ்சல் உற்சவம் இரவில்தான், நாங்கள் மதியமே போய்விட்டோம். கூட்டம் வந்துகொண்டிருப்பதை எடுத்தால் போதும் என்றார் பாய். சிறப்புப் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மஞ்சள் புடவைகளை இறக்கின. பீமண்ணா கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றார். எடுத்ததெல்லாம் தலைகள்.

உதவி மையத்தில் ஒலிபெருக்கி. காணாமல் போனவர்களை அழைத்துக்கொண்டே இருந்தது. அந்த ஒரே குரலில், ஒரே தாளத்தில். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அப்போது மைக்கை ஒருவர் பிடுங்கியிருக்க வேண்டும். குரல் மாறியது.

"ஆண்டாளு! ஏ ஆண்டாளு! பொரி கடைகிட்டதான நிக்கச் சொன்னேன்! எங்கடி போன?"

மொத்தக் கூட்டமும் சிரித்தது. நடந்தவர்கள் நின்றார்கள். ஆண்டாள் யார் என்று எல்லோரும் தேடினார்கள். எங்களுக்கு நாலைந்து அடி தள்ளி ஒரு பெண், வாயில் பாதி வடை, கையைத் தூக்கினாள்.

"நாந்தாங்க ஆண்டாளு. வடை வாங்க வந்தேன், அதுக்குள்ள மானத்த வாங்கறான்."

வழி விட்டார்கள். ஆண்டாள் நடந்து போனாள், கல்யாணப் பெண் மாதிரி, எல்லோரும் பார்க்க.

பீமண்ணா எடுத்துவிட்டார். கல்யாண வீட்டுப் பழக்கம், முகம் கண்டால் கை தானாக ஜூம் போகும்.

பஸ்ஸில் திரும்பும்போது அந்த வீடியோத் துண்டை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன். தலைகள், தலைகள், தலைகள். பிறகு ஒரு முகம். அந்த முகம் தன் பெயரைச் சொல்கிறது. உடனே அந்த ஆயிரம் தலைகளுக்கும் பெயர் இருக்கும் என்று தோன்றிவிடுகிறது.

நான் எதற்கு வாசிக்க வேண்டும்?


நவம்பர் 20, வியாழன்

பாயிடம் சொன்னேன். எட்டு நிமிடம் செய்தி, என் பாணியில், சுருக்கமாக, பெயரில்லாமல். கடைசி இரண்டு நிமிடம் நான் வாயே திறக்கமாட்டேன். அங்கே இருந்தவர்கள், வேலை செய்தவர்கள், ஒவ்வொருவராகக் கேமராவைப் பார்த்து அவரவர் பெயரைச் சொல்வார்கள். முகம், பெயர், வெட்டு. முகம், பெயர், வெட்டு. பின்னணி இசை கிடையாது.

"இசை வேணும்மா."

"வேணாம் பாய்."

"வரிச சண்ட வருமே?"

"கேமரா யாரை மொதல்ல பார்க்குதோ அவங்க மொதல்ல."

பாய் தாடியைத் தடவினார். "இதுக்கு இன்னா பேரு?"

"உள்ளிட்ட பலர்."

சிரிக்க ஆரம்பித்தவர் அடங்க நேரமானது. "பொங்கல் வரைக்கும்தான்" என்றார் அதற்குப் பிறகும்.


நவம்பர் 24, திங்கள்

முதல் படப்பிடிப்பு. இரண்டு நாள் மழையில் ஏரிக்கரை ஓர் இடத்தில் அரிபட்டுவிட்டது. பக்கத்துத் தெருக்காரர்கள் மண் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முட்டிவரை சேறு. நானும் பீமண்ணாவும் சேற்றில் செருப்பைத் தொலைத்தோம்.

எளிது என்று நினைத்திருந்தேன். பெயர் சொல்ல எவ்வளவு நேரமாகும்?

வளர்மதி என்கிற அக்கா: "இரு, மூஞ்ச கழுவிக்கினு வரேன்" என்று போனவர் புடவையே மாற்றிக்கொண்டு வந்தார். பிறகு அந்தப் புடவையோடு மூட்டை தூக்கவும் முடியாமல், போகவும் மனமில்லாமல், கரைமேல் நின்று மற்றவர்களுக்கு யோசனை சொன்னார்.

முஆத்: பெயர், ஊர், பிறகு "பந்தல், சேர், சாமியானா, எல்லா விசேஷத்துக்கும் கூப்பிடுங்க" என்று நம்பர்.

ஒரு பாட்டாளிக் கூட்டத்துக்குரிய கம்பீரத்தை எதிர்பார்த்துப் போன எனக்கு இது நல்ல பாடம் என்று எழுத நினைத்தேன். பாடம் ஒன்றும் இல்லை. சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது, அவ்வளவுதான்.

பொன்னுசாமி மட்டும் சொல்லமாட்டேன் என்றார். மூட்டையின் வாயைப் பிடித்துக்கொண்டிருந்தவர். "நான் எதுக்கும்மா? சாக்குதான புடிச்சேன். மண்ணு போட்டவனக் கேளு."

"சொல்லுங்கண்ணா. நீங்க புடிக்கலன்னா மண்ணு எதுல போடறது?"

"கூச்சமா இருக்குது."

"பேரு சொல்றதுக்கு இன்னா கூச்சம்?"

பீமண்ணா வியூஃபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நல்லா கேட்ட போ. நீ உன் பேரு போட விடறியா?"

பொன்னுசாமி என்னைப் பார்த்தார். "அப்படியா? உன் பேரு இன்னாம்மா?"

ஒரு பஸ் ஹாரன் வந்திருந்தால் தப்பித்திருப்பேன். ஏரிக்கரையில் பஸ் வராது.

"மழ வருது, சீக்கிரம் சொல்லுங்கண்ணா" என்றேன். பாவம், சொல்லிவிட்டார்.


நவம்பர் 25, செவ்வாய்

நேற்று எழுதாமல் விட்டதை இன்று எழுதுகிறேன்.

பெயர் வேண்டாம் என்பதற்கு ஜன்னல், எழுதுகிறவர் மறைய வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்ட காரணமெல்லாம் பாதிதான். மீதிப் பாதி, என் பெயர் சின்னப்பொண்ணு.

நைனாவின் அக்கா பெயர். அத்தையை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் பல்கலைக்கழகத்தில் முதல் நாள் பெயர் கூப்பிட்டபோது பின்வரிசை சிரித்தது. அன்றிலிருந்து நான் சிபி. இரண்டு வருடம் சிபி. கட்டுரைகளில் சி. பி. யாரோ ஆண் என்று நினைத்துக்கொண்டு ஓர் ஆசிரியர் நன்றாகப் பாராட்டினார்.

என் பெயரை மறைத்தேன், சரி. அதற்கு எதற்கு ஊரார் பெயரையெல்லாம் வெட்டினேன்?

சின்னப்பொண்ணு. எழுதிப் பார்த்தால் அப்படி ஒன்றும் மோசமில்லை. இரட்டை எழுத்துகள் நிறைய. ஓசை இருக்கிறது.

இரவுச் சாப்பாட்டின்போது நைனா என்னை வழக்கம்போல் "சின்னி" என்று கூப்பிட்டார். முழுசாகக் கூப்பிடுங்கள் என்றேன். "இன்னாச்சி இதுக்கு?" என்று அம்மாவைக் கேட்டார்.


நவம்பர் 26, புதன்

ஒளிபரப்பானது. ஒரே ஒரு ஃபோன். பொன்னுசாமியின் மனைவி.

"நாளைக்கும் போடுவீங்களா? எங்க ஆளு வெக்கப்படறத நான் கல்யாணத்துக்கப்புறம் இப்பத்தான் பார்க்கறேன்."


டிசம்பர் 5, வெள்ளி

ஃபோன் ஓயவில்லை.

"எங்க தெருவுல கால்வாய் தூர் வாரறாங்க, கேமரா வரலியா?"

"பள்ளிக்கூடத்துல சுவத்துக்கு வெள்ள அடிச்சோம். நாங்க பலர் இல்லியா?"

இதைச் சொன்னவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "பலர்" என்பது ஊரில் ஒரு சொல்லாகிவிட்டது. டீக்கடையில், "இன்னா, நேத்து பலருல வந்துட்ட போல?"


டிசம்பர் 9, செவ்வாய்

பாய் தினமும் மாலை ஆறே முக்காலுக்கு மாடியிறங்கிப் போய், செருப்புக் கடைக்குள் நின்று, அங்கிருக்கும் டிவியில் எங்கள் செய்தியைப் பார்க்கிறார். சொந்த சேனலை ஸ்டுடியோவிலேயே பார்க்கலாமே என்றேன்.

"ஜனம் பார்க்கறதப் பார்க்கறேம்மா" என்றார்.


டிசம்பர் 16, செவ்வாய்

நூலகத்துக்கு வண்ணம் அடித்தவர்கள். ஒரு பெண் தன் கணவர் பெயரைச் சொன்னார், அவர் மனைவி என்றார். வெட்டு என்று சொல்லவிருந்தேன். அவரே கையைக் காட்டி நிறுத்தினார். "இரு, இரு. அது அவரு பேராச்சே. கமர் ஜஹான். கமர் ஜஹான்னு போடு." இரண்டையுமே வைத்துக்கொண்டோம். இக்ரா அந்த இடைவெளியைக்கூட வெட்டவில்லை. நான் சொல்லித்தரவில்லை. அவளாகவே விட்டிருக்கிறாள்.

நான் படித்த எந்த நவீனப் படைப்பிலும் இவ்வளவு நல்ல மௌனம் இல்லை. மிகையாகச் சொல்கிறேனா? இருக்கட்டும்.


டிசம்பர் 19, வெள்ளி

ஷெல்ஃபில் இருந்த இரண்டு பாக்ஸ்களை அவரவர்களே வந்து வாங்கிப் போய்விட்டார்கள். முன்னாள் என்று நான் சொன்னவரும் வந்தார். "முன்னாள்தாம்மா. ஆனா சொல்லக் கேக்கறப்ப ஒரு மாதிரி இருந்துச்சி" என்றார்.

காத்தாயி அக்காவின் பாக்ஸ் மட்டும் இருக்கிறது. ஒயர் அவர் சுற்றியபடியே. தூசி துடைத்து வைத்தேன்.


டிசம்பர் 28, ஞாயிறு

அம்மா: "உன் நியூஸ்ல கடைசி மட்டும் பார்த்துடறேன். அப்ப இங்க விளம்பரம் ஓடுது."

வெற்றி என்று இதைத்தான் சொல்வார்கள் போல.


ஜனவரி 7, புதன்

பாய் வெளியே போயிருந்தார். ஹார்ட் டிஸ்க் மேசைமேல் இருந்தது. பழைய பாட்டுகள், எழுபதுகள், எண்பதுகள் என்று இக்ரா எழுதி ஒட்டியிருக்கிறாள். பொங்கலுக்கு ஒரு வாரம்.

கேட்கலாம். கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.


ஜனவரி 12, திங்கள்

பனை விதை நட்ட ஏரிக்கரைக்குப் போனோம். யாரும் செய்தி அனுப்பவில்லை. விழா எதுவும் இல்லை. என்ன ஆயிற்று என்று பார்க்கத்தான்.

முளைத்திருக்கிறது. எல்லாம் இல்லை, அங்கங்கே. மண்ணிலிருந்து ஒற்றை இலை, மடித்த காகிதம் மாதிரி, கத்தி மாதிரி நிற்கிறது. பனை என்று சொன்னால்தான் தெரியும்.

ஆடு மேயாமல் முள் வெட்டி வேலி போட்டுக்கொண்டிருந்தார்கள் சிலர். காத்தாயி அக்காவும் அவர் குழுவும். என்னைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைக்காமலே இடுப்பில் கைவைத்தார்.

"யாரு, பலரா?"

"ஆமாங்கா. பலர்தான் வந்திருக்கோம்."

"வேலிய எடுப்பியா? இல்ல, எலய மட்டும் எடுத்துக்கினு 'மழை மட்டும் பக்கத்தில் இருக்கிறது'ன்னு பாட்டு பாடுவியா?"

என் வரியை மனப்பாடமாக வைத்திருக்கிறார். கோபத்தில்கூட ஒருவர் என் வரியை இத்தனை நாள் ஞாபகம் வைத்திருந்ததில்லை. சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் அரிவாளை எடுத்துவிடுவார்.

"அக்கா, அன்னிக்கு வெட்டினது தப்பு. இன்னிக்கு நான் எதையும் வெட்டல. நீங்களே சொல்லுங்க."

"நீ மன்னிப்புலாம் கேக்காத, எனக்கு ஒரு மாதிரி ஆயிடும். எங்க நிக்கணும்?"

பீமண்ணா இடம் காட்டினார். காத்தாயி அக்கா நின்றார். கேமராவைப் பார்த்தார். எங்களை மாடியேறி வந்து விரட்டியவர், சிவப்பு விளக்கைப் பார்த்து உறைந்துவிட்டார்.

"அக்கா, பேரு."

"இரு." திரும்பி, பக்கத்தில் இருந்தவரின் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "இவ பூங்குழலி. கொட்ட பொறுக்கப் போன எடத்துல நாய் தொரத்துச்சி, அப்பவும் மூட்டய விடல. நீ சொல்லுடி, உன் வாயால சொல்லு." பூங்குழலி சொன்னார். பிறகு அடுத்தவர். பிறகு அடுத்தவர். எல்லோரையும் இழுத்து நிறுத்திச் சொல்லவைத்து, கடைசியில் சுற்றிப் பார்த்தார். யாரும் மிச்சமில்லை.

"காத்தாயி" என்றார். அவ்வளவு சின்னக் குரல் அவரிடம் இருக்கும் என்று நினைக்கவேயில்லை.

பீமண்ணா ஜூம் போனார். சரியாகத்தான் போனார்.

பிறகு பழைய குரல். "எப்ப போடுவ?"

"நாளன்னிக்கு. போகிக்கு."

"எங்க ஊட்டுலதான் பொட்டி இல்லியே."

"எங்க ஷெல்ஃபுல இருக்குதுக்கா. பத்திரமா."

"நான் மாடியேறி வரமாட்டேன். நீயே கொண்டா."


ஜனவரி 14, புதன், போகி

காலையில் ஊரே புகை. ஸ்டுடியோவிலும் பழசைக் கழிக்கிறேன் என்று பாய் ஆரம்பித்தார். உடைந்த ஸ்டாண்டு, காய்ந்த பேனாக்கள். ஃப்ளெக்ஸ் மலையைச் சுவரிலிருந்து அவரே பிடுங்கினார். ஓரம் கிழிந்து, உச்சியில் என் தலை உரசி உரசி வெளுத்திருந்தது. ஹார்ட் டிஸ்கைக் கையில் எடுத்தார். நான் ஒயரை மடிப்பதுபோல் நின்றேன்.

"இக்ரா, இந்தப் பாட்டு எல்லாத்தையும் ஒம்போது மணிக்கு வச்சிரு" என்றார். "ஏழு மணி இருக்கறபடி இருக்கட்டும்."

அவ்வளவுதான். இக்ரா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

ஐந்து மணிப் பதிவு. பின்னால் ஃப்ளெக்ஸ் இல்லை. ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். நிஜ ராஜகிரி, கொஞ்சம் புகையோடு. தெருச் சத்தம் உள்ளே வந்தது. வரட்டும், ஃபேனும் ஓடட்டும் என்றேன். "சவுண்டு போயிடும்" என்று முனகிக்கொண்டே பீமண்ணா எடுத்தார்.

முடிந்ததும் இக்ராவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்தப் பட்டை, பேருக்கு, இருக்குதா இன்னும்?"

"அக்டோபர்லருந்து இருக்குது. வெறுமனே இருக்குது." விரல்களை விசைப்பலகைமேல் வைத்தாள். "சிபியா? முழுப் பேரா?"

"முழுப் பேரு."

தட்டினாள். பட்டை அகலம் பத்தவில்லை. எழுத்தைச் சின்னதாக்கப் போனாள். வேண்டாம், பட்டையை அகலமாக்கு என்றேன்.

பாக்ஸை எடுத்துக்கொண்டு பீரங்கிமேட்டுக்குப் போனேன். வீட்டில் குழுவே இருந்தது. காத்தாயி அக்கா புதுப்புடவை. நான் ஒயர் சொருகும்வரை தலைக்கு மேல் பதினைந்து யோசனை. சம்பந்தி நேரில் வர முடியவில்லை, வீடியோ காலில் இருந்தார். பூங்குழலி ஃபோனை டிவிக்கு நேராகப் பிடித்திருந்தார்.

ஏழு மணி. மலை. நான். பட்டை.

காத்தாயி அக்கா கண்ணைச் சுருக்கிப் படித்தார். "சின்... னப்... பொண்ணு. யாரு இது சின்னப்பொண்ணு?"

"நான்தாங்கா."

என்னையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது. இத எதுக்கு இத்தன நாளா பூட்டி வச்ச?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "சரி, தள்ளு, மறைக்காத. எங்களுது வரப்போவுது."

வந்தது. முளை, வேலி, பூங்குழலி, ஒவ்வொருவராக. தத்தம் முகம் வரும்போது ஒவ்வொருவரும் கத்தினார்கள். கடைசி முகத்துக்கு மட்டும் வீடே அமைதியானது. அந்தச் சின்னக் குரல் அவ்வளவு பேர் காதிலும் விழுந்தது.

ஃபோனிலிருந்து சம்பந்தி: "தெரியுது, தெரியுது. எது நீன்னு கேக்கத் தேவையில்ல."

கரும்பு ஒரு துண்டு கொடுத்தார்கள். தின்றுகொண்டே, பாக்ஸ் ஒயர் யார் காலிலும் மாட்டாமல் இருக்க, சுவரோரமாக ஆணி அடித்து ஒதுக்கிவிட்டு வந்தேன்.